வாசகர் கேள்வி: எந்த எள்ளுச் செடியில் விதை எடுப்பது?

கேள்வி: கனடாவில இருக்கிற தமையன் கனோலா வயல் படம் அனுப்பினார். எண்ணெயும் விளைச்சலும் கூடத்தக்கதாகத் தெரிவு செய்து உருவாக்கின பயிராம். இங்கே விதைக்கலாமோ? இல்லையெண்டால் நான் 4 பரப்பில போடுற எள்ளில அப்பிடிச் செய்யேலுமோ? போன முறை பெரிய செடியாப் பார்த்து விதை எடுத்தும் பலனில்லை.
- வாசகர், சாவகச்சேரி

பதில்: கனோலா வேண்டாம். அது குளிர்நாட்டுப் பயிர். பூக்கும் நேரம் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பூ காயாகாமல் உதிரும். கனடாவில் முதலில் செய்ததும் எண்ணெயைக் கூட்டும் வேலையல்ல. கனோலாவின் மூலப்பயிரான ரேப்சீட்டின் எண்ணெயில் இருந்த, இதயத்துக்குக் கெடுதி என்று கருதப்பட்ட எருசிக் அமிலத்தைக் குறைத்ததுதான். விதையின் ஒரு வித்திலையை வெட்டிச் சோதித்து, முளையோடு இருக்கும் மற்றப் பாதியை நட்டார்கள். ஆயிரம் விதை சேர்ந்தாலும் 3 கிராம் அளவே வரும் எள்ளில் அந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

எள்ளில் தெரிவு செய்யலாம். உங்கள் பெரிய செடி அநேகமாக வரம்போரத்தில், அல்லது பக்கத்துச் செடி செத்த இடைவெளியில் நின்றிருக்கும். வெயிலும் பசளையும் கூடக் கிடைத்து வந்த பருமன் விதையோடு போகாது. ஓர வரிசைகளை விட்டு, நெருக்கம் சீரான நடுப்பகுதியில் 100 செடிகளுக்கு நூல் கட்டுங்கள். உயரத்தைப் பார்க்காமல் காயை எண்ணுங்கள். ஓர் இலைக்கக்கத்தில் 3 காய் பிடிப்பது, கீழ்க்காயும் மேல்காயும் கிட்டத்தட்ட ஒன்றாக முற்றுவது, இரண்டும் முக்கியம். முற்றாத மேல்காயின் சப்பை விதையில் எண்ணெய் குறைவு. அது முற்றட்டும் என்று காத்திருந்தால் கீழ்க்காய் வெடித்துக் கொட்டிவிடும். பூ பச்சை இலையாக மாறிய செடியை உடனே பிடுங்குங்கள். தத்துப்பூச்சி பரப்பும் நோய் அது.

ஒவ்வொரு செடியின் விதையையும் தனிக் கடதாசிப் பையில் போட்டு நிறுத்து, சிறந்த 15ஐ வையுங்கள். அடுத்த போகம் ஒரு செடியின் விதைக்கு ஒரு வரிசை. 4 மீற்றர் நீளம், வரிசைக்கிடையில் 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15. ஐந்து வரிசைக்கு ஒன்று உங்கள் பழைய விதையாக இருக்கட்டும். அதை வெல்லாத வரிசையைக் கழியுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் போகம் மிஞ்சியவற்றை வயலின் மூன்று இடங்களில் போட்டுப் பாருங்கள்.

எண்ணெயைப் பிறகு பார்க்கலாம். ஒரே வயலில் விளைந்து ஒன்றாகக் காய்ந்த விதையில் 5 கிலோ வீதம், ஒரே செக்கில் ஆட்டி எண்ணெயை நிறுங்கள். பிண்ணாக்கிலும் எண்ணெய் தங்குவதால் அது சரியான வீதத்தைக் காட்டாது. எது கூட, எது குறைய என்று சொல்லும். கறுப்பு எள்ளைக் கறுப்போடுதான் ஒப்பிட வேண்டும். வெள்ளையில் தோல் மெல்லிது, எண்ணெய் பொதுவாகக் கூடவே இருக்கும்.

கேள்வி: எள்ளில் இரண்டு இனத்தைக் கலக்க என்ன வழி?
- வாசகி, கோப்பாய்

பதில்: நாளை விரியப்போகும் மொட்டை இன்று பின்னேரம் தெரிந்து, பூக்குழலை மெல்ல இழுங்கள், மகரந்தக்கேசரங்கள் அதோடு ஒட்டியே கழன்று வரும். மிஞ்சும் சூல்தண்டை, ஒரு முனை அடைத்த சிறு வைக்கோல் குழாயால் மூடுங்கள். விடிய, மற்ற இனத்தில் அப்போது விரிந்த பூவின் மகரந்தத்தைத் தடவி, திரும்ப மூடி, நூல் கட்டுங்கள். தகப்பன் பூவையும் முதல்நாளே நுனியில் நூலால் கட்டி வைக்காவிட்டால் தேனீ முந்திவிடும்.