காப்பிக் கழிவிலிருந்து பயனுள்ள பொருள்களைப் பிரித்தெடுப்பது என்றால் என்ன?

ஏற்காட்டில் அறுவடைக் காலத்தில், காப்பிப் பழத்திலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பல்பர் இயந்திரத்தின் பின்புறம் நின்றால், கொட்டை நீங்கிய சிவந்த பழத்தோல் வழவழப்பாகக் குவிந்திருப்பதையும், ஓரிரு நாளில் அது கறுத்துப் புளித்து நாறுவதையும் காணலாம். பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தத் தோலும் சதையுமே. அவற்றில் தங்கியிருக்கும் காஃபீன், குளோரோஜெனிக் அமிலம் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் ஆகியவற்றைத் தனியே எடுப்பதையே பிரித்தெடுத்தல் என்கிறோம்.

பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உருவாக்கும் காஃபீன் கொட்டையில் மட்டுமன்றித் தோலிலும் உண்டு. பல்பரோ கொட்டையை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறது. அந்தத் தோலை வெந்நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்தால் கரையக்கூடியவை வெளியே வந்துவிடும், நார் நின்றுவிடும். வீட்டு ஃபில்டரில் டிகாக்ஷன் கீழே இறங்கி, சக்கை மேலே தங்குவதும் இதே முறைதான்.

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் பாலை எடுத்தபின் எஞ்சும் திப்பியும் அத்தகையதே. காய்ந்த திப்பியில் பாதியளவு மாவுச்சத்து இருப்பதால், அதை நொதிக்கவைத்து எத்தனால் தயாரிக்க முடியும். இத்தகைய கழிவை ஓடையில் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடிகின்றன.

பிரித்தெடுத்துவிட்டால் கழிவே மிஞ்சாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பகுதி நாராக எஞ்சும், அதை மட்கவைத்துத் தோட்டத்துக்கே உரமாக இட வேண்டும்.