அனுப்பாத நேரத்திலும் பேட்டரி தீர்வது ஏன்? அட்-ஹாக் வலையமைப்புகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவர்): ஐயா, கோபுரமோ ரவுட்டரோ இல்லாமல் கருவிகளே ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குத் தகவல் கடத்தும் அட்-ஹாக் வலையமைப்பை ஆய்வகத்தில் அமைத்தோம். யாரும் எதையும் அனுப்பாதபோதும் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. எங்கே பிழை?

பதில்: பிழை இல்லை. ரேடியோ விழித்திருக்கிறது, அதுதான் காரணம். ஃபீனி, நில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் வெளியிட்ட அளவீட்டைப் பாருங்கள். அன்றைய வைஃபை அட்டை ஒன்று அனுப்பும்போது சுமார் 1,327 மில்லிவாட், பெறும்போது 967, எதுவும் செய்யாமல் காத்திருக்கும்போது 843 மில்லிவாட் எடுத்துக்கொண்டது. உறங்கும்போது வெறும் 66! இன்றைய சில்லுகளில் எண்கள் வேறு. ஆனாலும் காத்திருப்பு மலிவானதன்று என்ற உண்மை அப்படியே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் உறங்க வைத்துவிடலாமே?

பதில்: வீட்டு வைஃபையில் உங்கள் கைபேசி உறங்கினால், அதற்கு வரும் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, ரவுட்டர் வைத்திருந்து கொடுக்கும். இங்கே ஒவ்வொரு கருவியும் அடுத்தவருக்கு ரவுட்டர். நடுவில் இருப்பது உறங்கினால் வழியே அடைபடும்.

வைஃபைக்கான 802.11 தரம் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. குறித்த இடைவெளியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழித்து, யாருக்குப் பாக்கெட் இருக்கிறது என்று அறிவித்து, வேலையில்லாதவை மீண்டும் உறங்கும். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தகவல் போவதைத் தாவல் என்போம். பல தாவல்கள் உள்ள வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைப்பது கடினம். ஒவ்வொரு தாவலிலும் தாமதம் கூடும். எம்.ஐ.டி.யில் 2001இல் உருவான ஸ்பான் முறை எனக்கு அதிகம் பிடிக்கும். சில கருவிகள் மட்டும் தாமாக முன்வந்து விழித்திருந்து முதுகெலும்பாக நிற்கும், மற்றவை உறங்கும். மீதமுள்ள மின்சாரத்தைப் பார்த்துப் பொறுப்பு கைமாறும். அதே ஆண்டில் வந்த காஃப் முறைக்கு இருப்பிடத் தகவல் வேண்டும். அதற்கு ஜி.பி.எஸ். வைத்தால் அதுவும் பேட்டரியைத் தின்னும்.

கேள்வி (ஆய்வு மாணவி): நீண்ட தாவல் ஒன்றை விடச் சிறு தாவல்கள் பல சிக்கனம் என்கிறார்களே?

பதில்: தாளில் சரி. தேவைப்படும் அலைத்திறன் தூரத்தின் 2 முதல் 4 வரையிலான அடுக்கில் ஏறும். அடுக்கு 4 என்றால் பாதி தூரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு போதும். இரண்டு தாவலுக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. ஆனால் மின்சுற்றின் நிலையான செலவும், இடையில் பெறுபவரின் செலவும் இந்தக் கணக்கில் வருவதில்லை. குறுகிய தூரங்களில் அவை சேமிப்பை விழுங்கிவிடும். குறைந்த திறனில் மெல்லப் பேசும் கருவியை அக்கம்பக்கத்தார் கேட்காமல் குறுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. மோதலுக்குப் பின் மறுபடி அனுப்பும் செலவு தனி.

கேள்வி: நடுவிலுள்ள கருவிதான் எப்போதும் முதலில் அணைகிறது.

பதில்: குறைந்த தாவல் வழியையே தேடினால் அப்படித்தான் ஆகும். சிங், வூ, ராகவேந்திரா என்ற ஆய்வாளர்கள் 1998லேயே மீதமுள்ள பேட்டரியை வழியின் விலையில் சேர்க்கச் சொன்னார்கள். டோ என்ற ஆய்வாளர் 2001இல் சொன்னது இன்னும் எளிது: எல்லாக் கருவிகளிலும் குறித்த அளவுக்கு மேல் மின்சாரம் உள்ள வழிகள் இருக்கும்வரை அவற்றுள் சிக்கனமானதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாதபோது மிகப் பலவீனமான கருவியைக் காப்பாற்றுங்கள். இதிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: வழி தேடும் ஏஓடிவி நெறிமுறையில், அக்கம்பக்கக் கருவிகளுக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ செய்திகளைக் குறைக்கலாமா?

பதில்: கருவிகள் மெதுவாக நகர்ந்தால் குறைக்கலாம். இயல்பு இடைவெளி 1 நொடி. வாகனங்களில் அந்த இடைவெளியைக் கூட்டினால் அறுந்த இணைப்பு தாமதமாகத்தான் தெரியவரும்.

கேள்வி (ஆய்வு மாணவி): என் கணினி உருவகப்படுத்தலில் 60 சதவீதம் சேமிப்பு வருகிறது. நம்பலாமா?

பதில்: காத்திருப்புச் செலவைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். அப்படியிருந்தால் அந்த எண்ணை ஆய்வேட்டில் போடாதீர்கள். உங்கள் ரேடியோவின் நான்கு நிலைகளையும் மீட்டர் வைத்து அளந்து, அந்த மதிப்புகளோடு மீண்டும் ஓட்டுங்கள்.