பைராட்ஸ் 4ஏ: இன்னொரு ஸ்கேன் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34, நிலாவெளியில் வசிக்கிறேன். இடது மார்பில் வலியில்லாத ஒரு கட்டி. திருகோணமலையில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கையில் ‘ஓரம் தெளிவில்லை, பைராட்ஸ் 4ஏ’ என்று இருக்கிறது. ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் வைத்தியர். ஊசி பட்டால் பரவிவிடும் என்கிறார் மாமி. மூன்று மாதம் கழித்துக் கொழும்பில் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. கொழும்பில் எடுத்தாலும் ஸ்கேன் ஸ்கேன்தான். சந்தேகம் எவ்வளவு என்று அது சொல்லும். அந்தச் சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் தர எண்தான் பைராட்ஸ். கட்டி என்னவென்று சொல்ல திசு வேண்டும்.

ஸ்கேனில் நாங்கள் முதலில் பார்ப்பது வடிவத்தையும் ஓரத்தையும். முட்டை வடிவில், தோலுக்கு இணையாகப் படுத்த நிலையில், ஓரம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பைப்ரோஅடினோமா போன்ற சாதாரணக் கட்டி. நீர்க்கட்டி முழுக் கறுப்பாகத் தெரியும். அதன் பின்பகுதி பளிச்சென்று இருக்கும். ஓரம் முள்முள்ளாக இருப்பதும், அகலத்தைவிட உயரம் கூடியிருப்பதும், பின்னால் நிழல் விழுவதும் சந்தேகத்தைக் கூட்டும். கட்டி திசு அடுக்குகளை ஊடுருவி வளரும்போது இப்படி உயரம் கூடி நிமிர்ந்து நிற்கலாம். கட்டியின் இரத்த ஓட்டமும் கடினத்தன்மையும் துணைத் தகவல்கள். அவற்றை மட்டும் வைத்து நான் எதையும் தீர்மானிப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்பது பைராட்ஸ் 3க்கு உரிய ஆலோசனை. அதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. 4ஏ என்றால் 2க்கு மேல், 10 வரை. அதாவது உங்களைப் போன்ற நூறு பேரில் குறைந்தது தொண்ணூறு பேருக்குப் புற்றுநோய் இராது. பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் காத்திருக்கும் வகையும் அல்ல.

மாமியின் பயம் ஊர் முழுக்க உள்ளதுதான். ஊசித் தடத்தில் சில செல்கள் ஒட்டலாம். அதனால் நோய் முற்றிவிடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. விறைக்க மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே சில துண்டுகள் எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிப்பவரானால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் ஸ்கேனில் தவறிப்போகும், மமோகிராமில் தெரியும்.

திசு அறிக்கை ‘சாதாரணம்’ என்று வந்தாலும் ஸ்கேன் படத்தோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடி திசு எடுக்க நேரும்.