சிஎன்சி கிட்டாரா, கைவேலை கிட்டாரா?

கேள்வி: மகளுக்கு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கப் போனோம். 28,000 ரூபாய்க்கு ஒன்றும் 55,000 ரூபாய்க்கு ஒன்றும் காட்டினார்கள். முதலாவதன் உடல், கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி மெஷினில் வெட்டியதாம். "இது முழுக்கக் கைவேலை, நாதமே வேறு" என்று இரண்டாவதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: "கைவேலை" என்ற சொல்லுக்காக மட்டும் கொடுக்காதீர்கள். மெஷின் பட்டாலே நாதம் செத்துவிடும் என்பது உண்மையில்லை. கலிஃபோர்னியாவின் டெய்லர், 1833-இல் தொடங்கிய மார்ட்டின் போன்ற பெரிய கம்பெனிகளே சிஎன்சியைப் பயன்படுத்துகின்றன.

எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி இதை ஒரே கட்டையில் கடைந்து எடுக்க முடியாது. இது மெல்லிய பலகைகளை ஒட்டிய பெட்டி. மேல்பலகையை வடிவாக வெட்டுவது, உள்ளே ஒட்டும் பிரேஸ் குச்சிகளைச் செதுக்குவது, நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) உட்காரும் பள்ளத்தைக் குடைவது எல்லாம் மெஷின் செய்யும். பக்கப்பலகையை வளைக்கச் சூடும் அச்சும் வேண்டும். ஒட்டுவதில் பெரும்பகுதி ஆள் கைதான்.

மெஷினின் அருமை நெக் இணைப்பில் தெரியும். நெக்கின் கோணம் அரை டிகிரி பிசகினால், பிரிட்ஜ் (கம்பிகளைப் பெட்டியோடு பிடித்திருக்கும் கட்டை) பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கம்பி மேலே தூக்கிக்கொள்ளும், குழந்தையின் விரல் நொந்துபோகும். கைவேலை என்று நம்பி வாங்கிய ஒரு கிட்டாரில் நான் பட்ட பாடு இதுதான். இன்றும் நினைத்தால் வருத்தம்.

கை ஜெயிக்கும் இடமும் உண்டு. ஒரே தடிமனில் சீவிய இரண்டு ஸ்ப்ரூஸ் மரப் பலகைகள் ஒரே விறைப்பாக இருக்காது. மெஷின் இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டும். நல்ல கலைஞர் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, ஒன்றை இன்னும் கொஞ்சம் இழைப்பார். அந்த உழைப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எந்தப் பட்டறை, யார் செய்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் அந்த 27,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், மேல்பலகை ஸாலிடா, பிளைவுட்டா என்பது. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஸாலிட். சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட். அப்புறம், நீளமான ஸ்கேலை ஃபிரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்பரப்பை ஒட்டிப் போக வேண்டும். மிகவும் கீழே இடித்தால், விலை எதுவானாலும் வேண்டாம்.

பின்பலகை ரோஸ்வுட் என்றால் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமாகவே இருக்கலாம். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானதால் மார்ட்டின் 1969-இல் இதற்குத்தான் மாறியது.

கேள்வி: சிஎன்சி கிட்டார் பழுதானால் சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. போல்ட்டில் மாட்டிய நெக் என்றால் இன்னும் சுலபம், கழற்றிக் கோணத்தைத் திருத்திவிடலாம். பசை போட்டு இறுக்கிய பழைய பாணி நெக்கை நீராவி செலுத்தித்தான் பிரிக்க வேண்டும், கூலியும் அதிகம். போல்ட்டா, பசையா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.