கடைக் கணினியில் தனிச் சாளரம்

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிகுடியில் ஒரு கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, பிரின்ட், படிவம் நிரப்புவதுதான் வேலை. கடையில் கணினி ஒன்றுதான். நான், தங்கை, மச்சான் மூவரும் மாறி மாறி அதில் இருப்போம். இணையச் செயலிகளை, அதாவது வட்ஸ்அப் போன்ற தளங்களைத் தனிச் சாளரத்தில் திறக்கும்படி, கணினியில் நிறுவுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பயர்பொக்ஸ் உலாவியில் அதற்கான நீட்சியை (உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரலை) போட்டேன். அது இன்னொரு மென்பொருளையும் நிறுவச் சொன்னது. நிறுவினால், இரண்டாவதாக ஒரு பயர்பொக்ஸையே இறக்கியது. வட்ஸ்அப்பைத் திறந்தால் முதலிலிருந்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்கிறது. விளம்பரத் தடுப்பானும் அதில் இல்லை. இணைப்பு போனால் சில செயலிகள் திறக்கவே இல்லை. பேசாமல் குரோமுக்குப் போய்விடவா?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பிக்கு,

அவசரப்பட்டு அகற்றிவிடாதீர்கள். நீங்கள் குறையாக எழுதியவற்றுள் ஒன்று உங்கள் கடைக்கு அவசியமானது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் அந்த இரண்டாவது மென்பொருள். நீங்கள் போட்டது 'பிடபிள்யூஏஸ் போர் பயர்பொக்ஸ்' (PWAs for Firefox). இது பயர்பொக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் தயாரிப்பு அன்று. தன்னார்வத்தில் நடக்கும் திறந்த மூலத் திட்டம், அதாவது அதன் நிரல் வரிகளை எவரும் பார்க்கலாம். 2017 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் 57இலிருந்து, நீட்சிகளால் உலாவியின் தோற்றத்தையும் உள்ளமைப்பையும் விரும்பியபடி மாற்ற முடியாது. பாதுகாப்புக்காக வைத்த எல்லை அது. ஒரு நீட்சி தனியாக நின்று தொடக்கப் பட்டியலில் செயலியைச் சேர்க்கவோ, முகவரிப்பட்டை இல்லாத சாளரத்தைத் திறக்கவோ இயலாது. அதனால் கணினியில் ஒரு துணை நிரல் வேண்டியிருக்கிறது. அந்த நிரல், செயலிகளை ஓட்டுவதற்கென்றே பயர்பொக்ஸின் தனிப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்கிறது. மொஸில்லா இந்த வசதியைத் தானே செய்து முடித்திருந்தால் இத்தனை சுற்று வழி தேவைப்பட்டிராது. 2007இல் 'பிரிஸம்' என்ற பெயரில் தொடங்கினார்கள், கைவிட்டார்கள். பிறகு மீண்டும் சோதனையாகக் கொண்டுவந்து, 2021இன் தொடக்கத்தில் அதையும் நீக்கினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்த பயனர்களுக்கு, சம்பளம் வாங்காத ஒருவர் தொடங்கிய வேலைதான் கைகொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

இனி, மீண்டும் ஸ்கேன் செய்யச் சொல்கிறது என்ற முறைப்பாடு. அந்தச் செயலிகளுக்கு உங்கள் வழக்கமான பயர்பொக்ஸோடு எந்த உறவும் இல்லை. குக்கி (தளங்கள் உங்களை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு பதிவு), கடவுச்சொல், வரலாறு, நீட்சிகள் எல்லாமே வேறு. வீட்டுக் கணினியில் இது தொல்லைதான். உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். கல்முனை பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர் அடையாள அட்டையைப் படம் எடுத்துக் கடை இலக்கத்துக்கு அனுப்புகிறார். இன்னொருவர் மகளின் பிறப்புச் சான்றிதழை அனுப்புகிறார். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் வருகிறது, மருத்துவ அறிக்கை வருகிறது. அதே உலாவியில்தான் மச்சானின் பேஸ்புக்கும் தங்கையின் மின்னஞ்சலும் திறந்து கிடக்கின்றன. ஊரார் உங்களை நம்பித் தருகிற காகிதங்கள் அவை. கடைக்கான வட்ஸ்அப் அவற்றிலிருந்து விலகி, தன் சாளரத்துக்குள் இருப்பது நல்லதில்லையா?

ஆனால் இதை நீங்களே சரியாக அமைக்க வேண்டும். நிறுவும்போது எதையும் மாற்றாமல் விட்டால், எல்லாச் செயலிகளும் ஒரே பொது புரொபைலுக்குள் (குக்கி, கடவுச்சொல், நீட்சிகளைச் சேர்த்துவைக்கும் உலாவியின் தனிப் பகுதிக்குள்) போய்விடும்; அவற்றுக்கிடையே பிரிவு இராது. நிறுவும் பெட்டியிலேயே புரொபைலைத் தெரிவுசெய்யும் இடம் உண்டு. கடைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்போது கடை இலக்கத்தின் வட்ஸ்அப்பும் உங்கள் சொந்த இலக்கத்தின் வட்ஸ்அப்பும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்கலாம். ஒன்றிலிருந்து வெளியேறி மற்றதற்குள் நுழைகிற வேலை இல்லை. விளம்பரத் தடுப்பானை அந்தந்தப் புரொபைலுக்குள் ஒருமுறை நிறுவினால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: புரொபைலைப் பிரித்தாலும் இறக்கிய கோப்புகள் பிரிவதில்லை. நீங்கள் மாற்றாதவரை, எல்லாம் விண்டோஸின் அதே 'டவுன்லோட்ஸ்' கோப்புறைக்குள்தான் விழும். யாருடைய அடையாள அட்டையும் அங்கே மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது. பிரின்ட் எடுத்ததும் அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். மச்சானுக்கும் சொல்லிவையுங்கள்.

இணைப்பு இல்லாமல் திறக்கவில்லை என்பதற்கு நீட்சி பொறுப்பில்லை. ஒரு தளம் தன் பக்கங்களைக் கணினியில் சேமித்துவைக்கும்படி எழுதப்பட்டிருந்தால்தான் அது இணைப்பின்றியும் திறக்கும். தளத்தை உருவாக்கியவர்கள் செய்யாத வேலையை, நிறுவிக் கொடுக்கிற கருவி செய்துவிட முடியாது.

குரோமைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே வேலை மிக எளிது. துணை நிரல் எதுவும் வேண்டாம். குரோமிலும் தனித்தனிப் புரொபைல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் செயலியை நிறுவலாம். ஆனால் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் போன்ற பழைய முறை நீட்சிகளை குரோம் 2025இல் முற்றாக நிறுத்திவிட்டது. விளம்பரத் தடுப்பு உங்களுக்கு முக்கியம் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆகவே நான் போகச் சொல்லமாட்டேன்.

பயர்பொக்ஸிலேயே இன்னொரு வழியும் இப்போது வந்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் வெளிவந்த 143ஆம் பதிப்பிலிருந்து, விண்டோஸில் ஒரு தளத்தைப் பணிப்பட்டையில் பொருத்தித் தனிச் சாளரமாகத் திறக்கலாம். மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவிய பயர்பொக்ஸுக்கு அந்தப் பதிப்பில் இது தரப்படவில்லை. உங்கள் வழக்கமான புரொபைலையே அது பயன்படுத்துவதால் புகுபதிகையும் நீட்சிகளும் அப்படியே இருக்கும். தங்கை தன் மின்னஞ்சலுக்கு இதை வைத்துக்கொள்ளட்டும். கடையின் வட்ஸ்அப்புக்கு நீட்சியே இருக்கட்டும்.

கணினியின் நினைவகம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 4 ஜிபிதான் என்றால், வழக்கமான பயர்பொக்ஸும் செயலிகளின் பயர்பொக்ஸும் ஒன்றாக ஓடும்போது கணினி திணறக்கூடும். அப்படியானால் கடைப் புரொபைலை மட்டும் நிரந்தரமாகத் திறந்துவையுங்கள்.

துணை நிரலை அந்த நீட்சி காட்டும் இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் வருகிற வேறு தளங்கள் வேண்டாம். என்றாவது எல்லாவற்றையும் அகற்ற நினைத்தால் நீட்சியை நீக்குவது மட்டும் போதாது, துணை நிரல் கணினியில் தங்கிவிடும். முதலில் செயலிகளையும் புரொபைல்களையும் நீக்குங்கள், அடுத்து விண்டோஸ் பட்டியலிலிருந்து நிரலை நீக்குங்கள், நீட்சியைக் கடைசியில் எடுங்கள். அதோடு கடைக் கைபேசியின் வட்ஸ்அப்பில், இணைத்த சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தக் கணினியையும் வெளியேற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா