பிள்ளைகள் தலையில் பேன்: குழந்தைகள் வார்டு நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: மகளுக்கு 7 வயது. மருந்து போட்டு ஒரு வாரத்திலேயே மறுபடியும் பேன். மருந்து போலியா அக்கா?

பதில்: போலியாக இருக்காதும்மா. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் பேனைக் கொல்லும், எல்லா ஈரையும் கொல்லாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9, 10 நாளாவது வேண்டும். அதற்குள் பிடித்துவிட வேண்டும். அதனால்தான் 9ஆம் நாள் மறுபடி போடச் சொல்கிறோம். தலைக்கு ஊற்றி, துவட்டி, லோஷனைத் தடவி 10 நிமிடம் வைத்து அலசுங்கள். அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை ஈரத்தலையில் பேன் சீப்பால் வேரிலிருந்து வாரி, சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லார் தலையையும் அதே நாளில் பாருங்கள். பாட்டியோடு படுக்கிற பிள்ளை என்றால் பாட்டி தலையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பேன் தாவுமா? நாயிடமிருந்து வருமா?

பதில்: தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால் ஏறும். நாயிடமிருந்து வராது.

கேள்வி: சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம், எறும்பு சாக்பீஸும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மா காலத்திலிருந்து சீத்தா விதைதான். ஒன்றும் ஆனதில்லையே?

பதில்: பேன் சாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். கண் சிவந்து, நீர் கொட்டி, திறக்கவே முடியாமல் ராத்திரியில் தூக்கி வந்த பிள்ளைகளுக்குக் கண் கழுவிவிட்டவள் நான். பழைய முறைதான் வேண்டும் என்றால் மர ஈர்வாங்கி இருக்கிறது. அதை எடுங்கள்.

கேள்வி: துண்டு கட்டி, கண்ணில் படாமல் பூசினால்?

பதில்: அலசும்போது எந்தப் பக்கம் வழியும்? பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் கற்பூரம்?

பதில்: வேண்டாம். சின்னப் பிள்ளை உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரலாம்.

கேள்வி: மருந்து போட்டும் போகவில்லை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 9ஆம் நாள்.

கேள்வி: 40 நாள் குழந்தைக்கு?

பதில்: நீங்களாக எந்த மருந்தும் போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மொட்டை போடச் சொல்கிறார்கள். மகள் அழுகிறாள்.

பதில்: போடாதீர்கள். தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் பேன் வரும், அவள் மேல் தப்பே இல்லை. அதை முதலில் அவளிடம் சொல்லிவிட்டுச் சீப்பை எடுங்கள்.