ஸ்டாக் கார் பந்தயத்தின் கூட்டம் எங்கே போனது? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வட கரோலினாவில் குடியிருக்கிறேன், அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்காரை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதனால்தான் இத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சென்னை, எஃப்1 ரசிகர்: இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓட்டுகிற பந்தயம்தானே சார் இது? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் ஒரு திருத்தம். வலது பக்கமும் திரும்புகிற டிராக்குகள் ஒவ்வோர் ஆண்டும் அட்டவணையில் உண்டு. ஆனாலும் உயிர் ஓவல் என்கிற முட்டை வடிவ டிராக்கில்தான் இருக்கிறது. டேடோனா இரண்டரை மைல் சுற்று, அதன் வளைவுகள் 31 டிகிரி சரிந்து நிற்கும். மார்ட்டின்ஸ்வில் அரை மைலுக்குச் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய தட்டை. இரண்டிலும் ஓடுவது ஒரே தொடரின் கார்கள். டேடோனாவில் முன்னால் போகிறவன் கிழிக்கும் காற்றுக்குள் ஒட்டிக்கொண்டு போகத் தெரியவேண்டும். மார்ட்டின்ஸ்வில்லில் பிரேக்கையும் டயரையும் காப்பாற்றத் தெரியவேண்டும். ஏறக்குறைய நாற்பது கார்கள் ஒரு கை இடைவெளியில் போவதை ஒருமுறை நேரில் பாருங்கள்.

இது பிறந்த கதையும் தெரிந்திருக்கவேண்டும். தெற்கு மாநிலங்களில் போலீசுக்குத் தப்பிக் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் ஓட்டிய கார்களிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. கடையில் விற்கும் காரை அப்படியே ஓட்டவேண்டும் என்ற விதியோடு 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்த கிளென் டனவே தகுதி இழந்தார். சாராயச் சுமை தாங்குவதற்காக அவருடைய காரின் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. இன்று ஓடும் கேம்ரியும் மஸ்டாங்கும் வெளித்தோற்றத்தில்தான் கடைக் கார்கள்.

நியூ ஜெர்சி நண்பர்: உண்மையிலேயே சரிந்துவிட்டதா, இல்லை பழைய ரசிகர்களின் புலம்பலா?

உண்மைதான். நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயம் டேடோனா 500. 2006இல் அதை அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2025இல் அதே பந்தயத்துக்கு 67 லட்சத்தை ஒட்டித்தான் வந்தார்கள். தொலைக்காட்சி பார்ப்பதே குறைந்துவிட்ட காலம் இது, அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆனால் இருக்கைகள் பொய் சொல்லாது. டென்னசியின் பிரிஸ்டல் டிராக்கில் 1982 முதல் 2010 வரை தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு ஒரு டிக்கெட்கூட மிஞ்சவில்லை. அந்தத் தொடர் அறுந்தது. டேடோனாவைப் புதுப்பித்தபோது பின்பக்கக் காலரியையே எடுத்துவிட்டார்கள். வேறு பல டிராக்குகளிலும் இருக்கைகளைக் கழற்றினார்கள்.

சார்லட், ஐடி ஊழியர்: 2008 பொருளாதார நெருக்கடி, பெட்ரோல் விலை. இவைதானே காரணம்?

அடி விழுந்தது அப்போதுதான். இந்தப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, இரண்டு மூன்று இரவு தங்கிப் போகிற உழைக்கும் குடும்பங்கள். பெட்ரோல் விலை ஏறினால் முதலில் நிற்பது அந்தப் பயணம். பந்தய வாரத்தில் விடுதிகளும் வாடகையைக் கூசாமல் ஏற்றின. ஆனால் பொருளாதாரம் திரும்பிய பிறகும் அவர்கள் திரும்பவில்லை. அதற்குக் காரணம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூர், 1949இல் முதல் அட்டவணையிலேயே இருந்த டிராக். 1996இல் அதை மூடி, அதன் இரண்டு பந்தயங்களையும் டெக்சாசுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோனார்கள். ராக்கிங்ஹாம் டிராக்கில், நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப்பின் கடைசிப் பந்தயம் 2004இல். தென் கரோலினாவின் டார்லிங்டனில் 1950 முதல் தொழிலாளர் தின வார இறுதியில் நடந்துவந்தது சதர்ன் 500. 2004இல் அந்தத் தேதியைப் பிடுங்கிக் கலிபோர்னியாவின் ஃபொன்டானாவுக்குக் கொடுத்தார்கள். ஊர்த் தேரை வேறு ஊரில் இழுக்கச் சொன்னால் வடம் பிடிக்க யார் வருவார்கள்? ஃபொன்டானாவில் இருக்கைகள் நிரம்பவில்லை. 2015இல் அந்தத் தேதி டார்லிங்டனுக்கே திரும்பியது. ஃபொன்டானா டிராக்கில் 2023க்குப் பிறகு பந்தயமே இல்லை. புது ரசிகனும் நிலைக்கவில்லை, பழைய ரசிகனும் மனம் விட்டுப்போனான். என்னைக் கேட்டால் இந்தச் சரிவின் வேர் இதுதான்.

ஹியூஸ்டன் வாசகர்: சாம்பியனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டுமல்ல. 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் வென்று, ஆண்டு முழுக்க நிதானமாகப் புள்ளிகள் சேர்த்துப் பட்டம் வென்றார். அது சுவையாக இல்லை என்று 2004இல் ‘சேஸ்’ முறை வந்தது. கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கு முன்னால் முதல் பத்துப் பேரின் புள்ளிகளை ஏறக்குறைய சமமாக்கினார்கள். பிறகு அதைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். 2014இல் இன்னும் ஒரு படி போய், சுற்றுக்குச் சுற்று ஆட்களை வெளியேற்றி, கடைசி ஒரே பந்தயத்தில் நான்கு பேரில் முந்துகிறவருக்குப் பட்டம் என்றார்கள்.

விளைவைப் பாருங்கள். 2024இல் ஆண்டு முழுவதும் சராசரியாக 17ஆம் இடத்தை ஒட்டி முடித்த ஜோயி லொகானோ சாம்பியன். விதிப்படி வென்றார், அவர்மேல் குற்றமில்லை. 2025 இறுதிப் பந்தயம் ஃபீனிக்ஸில். அதுவரை ஒரு பட்டம்கூட வாங்காத டென்னி ஹாம்லின் 208 லேப்கள் முன்னிலையில் இருந்தார். மூன்று லேப் மிச்சம் இருக்கையில் வேறொருவரின் டயர் பழுதாகி மஞ்சள் கொடி விழுந்தது, எல்லாரும் வேகம் குறைத்து ஒன்றுசேர்ந்தார்கள். ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு மட்டும் மாற்றி அவருக்கு முன்னால் வெளியே வந்தார். பட்டம் லார்சனுக்கு. அன்று ஒரு லேப்கூட முன்னிலையில் ஓடாதவர் அவர். லார்சன் அருமையான ஓட்டுநர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 36 பந்தயம் விடாமல் பார்த்த ரசிகனிடம், முதல் 35க்கும் பெரிய மதிப்பில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

2026 முதல் வெளியேற்றும் சுற்றுகள் போய்விட்டன. 16 பேர், கடைசிப் பத்துப் பந்தயங்கள், அவற்றின் மொத்தப் புள்ளி. பழையபடி ஆண்டு முழுவதற்குமான கணக்கையே நான் விரும்புவேன். இருந்தாலும் இது நல்ல திருப்பம். இனி பத்து வருடமாவது கை வைக்காமல் இருக்கவேண்டும்.

மதுரை வாசகர்: டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் ஆர்வம் போனது என்கிறார்களே?

2001 பிப்ரவரி 18, டேடோனா 500இன் கடைசி லேப். ஏழு முறை சாம்பியன் ஆனவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆலைத்தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் வளர்ந்தவர். தங்கள் வீட்டுப் பிள்ளை என்று லட்சக்கணக்கானோர் நினைத்த மனிதர். அந்த இடத்துக்கு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. ஆனாலும் பார்வையாளர் எண்ணிக்கை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஏறியது, ஆகவே அவருடைய மரணத்தைச் சரிவின் தொடக்கமாகச் சொல்ல முடியாது.

‘பாதுகாப்பு கூடியதால் விறுவிறுப்பு போய்விட்டது’ என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும். 2000, 2001 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர், எர்ன்ஹார்ட் என நான்கு உயிர் போனது. கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவி கட்டாயமானது. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சேஃபர் சுவர்கள் வந்தன. எர்ன்ஹார்டுக்குப் பிறகு கப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் இறக்கவில்லை. இந்த விளையாட்டு செய்ததிலேயே சிறந்த காரியம் அது.

கோவை, ஆட்டோமொபைல் மாணவர்: 2022இல் வந்த புதுக் கார் பந்தயத்தை மேம்படுத்தியதா அண்ணா?

பாதி பாதி, தம்பி. ஒன்றரை மைல் டிராக்குகளில் பந்தயம் நன்றாகவே இருக்கிறது. குறுகிய டிராக்கில்தான் சிக்கல். சக்கரம் அகலம், பிரேக் பெரிது, பிடிமானம் அதிகம். எல்லாரும் ஒரே வேகத்தில் வளைகிறார்கள், ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். ஐந்து கியர் சீக்வென்ஷியல் பெட்டி இருப்பதால், வளைவில் ஒருவர் தவறினாலும் கியரைக் குறைத்துச் சமாளித்துவிடுகிறார். தவறுக்குத் தண்டனை இல்லாவிட்டால் முந்துவதற்கு வழி ஏது? 670 குதிரைத்திறன் இந்தக் காருக்குப் போதவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2026இல் ஒன்றரை மைலுக்குக் குறைவான டிராக்குகளுக்கு 750 ஆக்கியிருக்கிறார்கள். டயர் சீக்கிரம் தேயவேண்டும், அப்போதுதான் கைத்திறன் தெரியும்.

தொடக்கத்தில் இந்தக் காரின் பின்பகுதி விறைப்பாக இருந்தது. 2022இல் பொக்கோனோவில் பின்பக்கமாகச் சுவரில் மோதிய கர்ட் புஷ்ஷுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, அவருடைய முழுநேரப் பந்தய வாழ்க்கையே முடிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பகுதியைத் திருத்தினார்கள்.

அட்லாண்டா சகோதரி: அண்ணா, நேராகவே கேட்கிறேன். நம்மைப் போன்றவர்கள் பிள்ளைகளோடு அங்கே நிம்மதியாகப் போய்வர முடியுமா? அந்தக் கொடி…

கேட்டது நல்லதும்மா. 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் வென்ற வெண்டெல் ஸ்காட், கப் பந்தயம் வென்ற முதல் கறுப்பினத்தவர். அன்று கொடி அசைத்து, கோப்பை கொடுத்தது வேறொருவருக்கு. பல மணி நேரம் கழித்துத்தான் அவர் வென்றதை ஒப்புக்கொண்டார்கள். கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. இந்தக் கறையை மறைத்துவிட்டு என்னால் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது.

நீங்கள் சொல்லும் கொடி, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி. 2020 ஜூனில் அதற்குத் தடை விதித்தார்கள். மறு ஆண்டு டல்லடேகாவில் பப்பா வாலஸ் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் கப் பந்தயம் வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் அவர். 2022இல் மெக்சிகோவின் டேனியல் சுவாரெஸ் சொனோமாவில் வென்றார். கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் ஓர் அணிக்கு உரிமையாளர். டிராக்குக்கு வெளியே சாலையோரத்தில் அந்தக் கொடியை இன்னும் சில நேரம் பார்ப்பீர்கள். உள்ளே, நான் போன இடங்களில், பக்கத்து இருக்கைக்காரர்கள் அன்பாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

தடையால்தான் ரசிகர்கள் போனார்கள் என்று ஒரு வாதம் சுற்றுகிறது. பிரிஸ்டலில் இருக்கைகள் காலியாகத் தொடங்கியது 2010இல். தடை வந்தது 2020இல். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கோவையிலிருந்து இன்னொருவர்: நம் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரில் ஓட்டினாரா?

ஆமாம், 2010இல், பிக்கப் டிரக்குகள் ஓடும் டிரக் தொடரில். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம். அந்த ஆண்டு ரசிகர் வாக்கெடுப்பில் டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். அந்த ஆர்வத்தை நாஸ்கார் பிடித்துக்கொள்ளாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

சிகாகோ நண்பர்: எங்கள் ஊர்த் தெருவில் ஓட்டினார்கள், மெக்சிகோ சிட்டிக்குப் போனார்கள். இதெல்லாம் உயிர் கொடுக்குமா?

2023இல் உங்கள் ஊரில் கொட்டும் மழைக்குப் பிறகு, நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் தன் முதல் கப் பந்தயத்திலேயே வென்றது எவராலும் மறக்க முடியாத நாள். இப்படி ஆண்டுக்கு ஓரிரு பந்தயம் நல்லதுதான். ஆனால் மூன்று ஆண்டோடு சிகாகோ நின்றது. அங்கே முதன்முதலாகப் பார்த்துப் பிடித்துப்போன ஒரு சிறுவன் அடுத்த சனிக்கிழமை எங்கே போவான்?

எனக்கு நம்பிக்கை தருவது நார்த் வில்க்ஸ்பரோதான். காலரியில் செடி முளைத்துக் கிடந்த டிராக். டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் உட்படப் பலர் விடாமல் குரல் கொடுத்தார்கள். மாநில அரசு வழியாக 1.8 கோடி டாலர் கிடைத்தது. 2022இல் உள்ளூர்ப் பந்தயங்கள், 2023இல் ஆல்-ஸ்டார் பந்தயம். இடம் கொள்ளாத கூட்டம். 2025இல் ராக்கிங்ஹாமிலும் தேசியத் தொடர்கள் மீண்டும் ஓடின. பந்தயத்தை அதன் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தபோது ஊர் வந்து நின்றது.

டொராண்டோ வாசகர்: முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால்?

உள்ளூர்ச் சனிக்கிழமை டிராக்குகளுக்குப் பணம் போவதை முதலில் உறுதி செய்வேன். எர்ன்ஹார்டைப் போல ஒரு ஆலைத்தொழிலாளியின் பிள்ளை இன்று மேலே வருவது மிகக் கடினம். திறமை இருந்தாலும், இருக்கைக்குப் பணம் கொண்டுவரும் ஸ்பான்சரோ வசதியான அப்பாவோ வேண்டியிருக்கிறது. ரசிகன் தன்னைப் போன்ற ஒருவனைக் காரில் பார்க்காவிட்டால் எதற்காகக் கத்துவான்?

அடுத்தது அட்டவணை. பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை இழுக்கிறார்கள். செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து தொடங்கியதும் பட்டப் போட்டியை யாரும் கவனிப்பதில்லை. 36ஐ 30 ஆக்குங்கள். ஒளிபரப்பும் ஒரே ஆண்டில் ஃபாக்ஸ், அமேசான் பிரைம், டிஎன்டி, என்பிசி என்று சிதறிக் கிடக்கிறது. வயதான ரசிகர் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார். பிரைம் ஒன்று நன்றாகச் செய்தது: பந்தயம் முடிந்ததும் ஓடிவிடாமல் நிதானமாக உட்கார்ந்து பேசினார்கள்.

மின்சாரக் கார் வருமா? (மூவர் கேட்டது)

2024இல் சிகாகோவில் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். காட்சிக்குச் சரி. வி8 எஞ்சினின் சத்தத்தை நெஞ்சில் உணர்வதற்காகவே பாதிப் பேர் வருகிறார்கள், அதைத் தொடவே கூடாது.

மீண்டும் சார்லட்: முதன்முதலாக நேரில் பார்க்க எங்கே போகலாம்?

டேடோனா வேண்டாம், பெரிது, செலவு. வின்ஸ்டன்-சேலத்தில் போமன் கிரே மைதானம் இருக்கிறது. கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் டிராக், 1949 முதல் நாஸ்கார் பந்தயம் நடக்கிறது. கோடைக்காலச் சனிக்கிழமை இரவு போங்கள், மலிவு, எந்த இருக்கையிலிருந்தும் முழு டிராக்கும் தெரியும். கப் பந்தயமே வேண்டுமென்றால் மார்ட்டின்ஸ்வில், உங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓட்டுநரும் அணியும் பேசிக்கொள்வதைக் கேட்க ஸ்கேனர் ஒன்று வாடகைக்கு எடுங்கள், பந்தயமே வேறு மாதிரி தெரியும். பிள்ளைகளுக்குக் காது மூடும் ஹெட்ஃபோன் கட்டாயம். அதை முந்தின நாளே கடையில் வாங்கிவிடுங்கள், டிராக்கில் விலை அதிகம்.